மூளை முடக்குவாதக் குழந்தை நுனிக்காலில் நடந்தால் உடனே ஆபரேஷன் தேவையா?

நாலு வயது மகள் இரண்டு காலிலும் நுனிக்காலில் நடக்கிறாள், குதிகால் தசைநாரை நீட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கும் இதேதான். இப்போது எட்டாவது படிக்கிறான். என்னைக் கேட்டால், இந்த வயதில் அவசரப்படாதீர்கள். இன்னொரு குழந்தைகள் எலும்பு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடிக்கொண்டே போகாது. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய கெண்டைக்கால் தசை நீளாது. மளமளவென்று உயரம் கூடும்போது பாதம் மோசமாவது அதனால்தான்.

எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று பார்க்க, எங்கள் பிசியோதெரபிஸ்ட் என் மகனை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை மேலே தள்ளினார், வந்தது. முட்டியை நீட்டிவிட்டுத் தள்ளினார்; வரவில்லை. அப்படியென்றால் இறுக்கம் பெரும்பாலும் முட்டியைத் தாண்டிப் போகும் மேல் தசையில். மடக்கியும் வராவிட்டால் கதை வேறு. தள்ளும்போது குதிகாலை லேசாக உள்பக்கம் திருப்பிப் பிடிக்கணும். இல்லாவிட்டால் நடுப்பாதம் வளைந்துகொடுத்து ஏமாற்றிவிடும். நடக்கும்போதும் இதே வம்புதான்: குதிகால் தரையில் பட்டுவிட்டதே என்று நாம் சந்தோஷப்படுவோம், உள்வளைவு சரிந்து தட்டைப் பாதமாகியிருக்கும்.

தசைநாரை அளவுக்கு மீறி நீட்டினால் கெண்டைக்கால் வலுவிழந்து, முட்டி மடங்கியே நிற்கும் நடை வந்துவிடும். நுனிக்கால் நடையே தேவலை என்று ஆகிவிடும். அதைத் திருப்புவது கடினம். இரண்டு காலும் பாதித்த சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் பலர் முடிந்தவரை தள்ளிப்போட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே தடவையில் செய்கிறார்கள். அதுவரை பிசியோ பயிற்சி, பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட், வாராவாரம் மாற்றும் மாவுக்கட்டு, தேவைப்பட்டால் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. ஊசியின் பலன் சுமார் 3 மாதம்தான். அதற்குள் பிசியோவை விடாமல் செய்யணும்.

ஸ்பிளிண்ட் மாட்டும்போது முட்டியை மடக்கி, குதிகாலைப் பின்னால் ஒட்ட உட்காரவைத்து, கணுக்கால் பட்டையை முதலில் இழுங்கள். உள்ளே சுருக்கமில்லாத பருத்தி சாக்ஸ். கழற்றி அரைமணி கழித்தும் சிவப்பு மறையாவிட்டால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள், சும்மா விடாதீர்கள். ஷூ ஒரு சைஸ் பெரிதாக, வாய் அகலமாக வாங்குங்கள்.

செலவுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருடத்துக்கு 1 லட்சம் வரை. இன்னொன்று, பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் விலகலாம். அடுத்த தடவை போகும்போது இடுப்பு எக்ஸ்ரே எடுக்கணுமா என்று நீங்களே கேளுங்கள்.