விட்டுப்போன ஓரடி

அன்பின் ஐயா,

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். வயது 62. எங்கள் ஊரில் இந்த முறை வடமோடிக் கூத்துப் பழக்குகிறார்கள்; பாட்டும் ஆட்டமுமாய் நடக்கிற நாட்டுக்கூத்தில் அது ஒரு வகை. சும்மா பார்க்கப்போன என்னை, கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார், பின்னால் நின்று சேர்ந்து பாடுகிற பிற்பாட்டுக்கு நிறுத்திவிட்டார். அதுவரை பாடியதே இல்லை. இப்போது பாட்டு வருகிறது. கூத்துப் பாட்டுகள் எழுதிய பழைய கொப்பியைப் பார்த்தெழுதும்போது ஓரிடத்தில் ஓரடி குறைவதுபோல் பட்டது. சொன்னேன். அண்ணாவியார் பாடிப் பார்த்துவிட்டு, விடுபட்ட அடியை நினைவிலிருந்து எடுத்துத் தந்தார். வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த வயதில் இது திறமையா, பொழுதுபோக்கா?

வாசகர், படுவான்கரை

அன்பின் ஐயாவுக்கு,

பாட்டு வருவதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பாடுங்கள். ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஓரடிதான்.

கூத்துக் கொப்பிகள் கைக்குக் கை பார்த்தெழுதி வந்தவை. ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டால், அடுத்தவர் விட்டதையே மூலம் என்று எழுதுவார். பழகுகிற பிள்ளைகளும் அப்படியே பாடுவார்கள். அண்ணாவியாருடைய நினைவு ஒன்றுதான் அதற்கு மாற்று. அந்தக் குறை உங்களுக்கு ஏன் கேட்டது? பேரேட்டில் ஐந்து சதம் இடித்தாலும் விடியவிடியத் தேடியவர் நீங்கள். மத்தளத்தின் தாளம் நிறையுமுன் வரி முடிந்தால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது.

காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். அவர் படித்துப் பட்டம் பெற்றது விஞ்ஞானத்தில். பள்ளிக்கூடங்களில் படிப்பித்ததும் அதைத்தான். பழந்தமிழ் இசை ஆராய்ச்சியில் முழுதாக இறங்கியது நாற்பதை ஒட்டிய வயதில். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, மறைந்துபோன யாழ்களின் சுருதிகளை எண்களாலேயே கணித்துப் பார்த்தார். இசையை மட்டும் படித்திருந்தால் அந்த வழி அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். கடைசி வரைக்கும் அந்த வேலை ஓயவில்லை.

ஆகவே ஐயா, இது திறமைதான். நாற்பது வருடக் கணக்கு உங்களிடமிருந்து எங்கும் போய்விடவில்லை. வீட்டார் சிரிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். கூத்தாடும் களரிக்கு அவர்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடுகிற வரவு ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். துள்ளி ஆடுவதை இளம் பிள்ளைகளுக்கு விடுங்கள். உங்கள் இடம் மத்தளத்துக்குப் பக்கத்தில்.

அப்புறம் ஒரு வேலை. அண்ணாவியாருக்கு வசதியான பின்னேரங்களில் போய் இருங்கள். முழுக் கூத்தையும் அவர் பாடப்பாட போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கொப்பியோடு வரிவரியாக ஒத்துப் பார்த்து, உங்கள் கையால் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று ஊருக்கு. விடுபட்ட அடிகள் இன்னும் இருக்கும். அவர் தெம்பாகப் பாடுகிற காலத்திலேயே இது நடக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

ஆடுகிற பிள்ளைகள் காலில் சதங்கை அணிகிற நாளை அறியத் தாருங்கள். கட்டாயம் வருவேன்.