புகையானைத் தின்னும் சிலந்தி, சிலந்தியையே தின்றால்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஆறு மா (இரண்டு ஏக்கர்) சம்பா, சி.ஆர். 1009 நெல் ரகம். நட்டு 45 நாள் ஆகிறது. தூரில் ஒரு பழுப்புச் சிலந்தி இன்னொரு சிலந்தியைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்ணீரில் சிலந்திகளின் வெறுங்கூடுகள் மிதக்கின்றன. திடல் வேலியில் சருகுத் துணுக்கு மாதிரி ஒன்று, வலையை ஆட்டி ஆட்டி அந்த வலைக்காரச் சிலந்தியையே பிடித்தது. இப்படியே தின்று தீர்த்துவிட்டால், தூரடியில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையானை யார் பிடிப்பது? இவற்றுக்கு மருந்து அடிக்கணுமா?

பதில்: அடிக்க வேண்டாம். நீங்கள் பார்த்தவை மூன்று வேறு வேறு சங்கதிகள்.

முதலில் அந்த வெறுங்கூடுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எட்டுக் காலும் முழுசாக இருந்து, தலைப்பக்கத்து ஓடு மூடி திறந்த மாதிரி தூக்கி நின்றால் அது செத்த சிலந்தி அல்ல, உரித்த சட்டை. சிலந்தி வளர வளரத் தோலுரிக்கும். ஓநாய்ச் சிலந்தி தின்றிருந்தால் உருவமே மிஞ்சாது. இரையை மென்று கசக்கி ஓர் உருண்டையாகத்தான் போடும். முழுக்கூடு நிறையக் கிடந்தால் வயலில் சிலந்தி வளர்கிறது என்று அர்த்தம்.

தூரில் கவ்விக்கொண்டிருந்த பழுப்புச் சிலந்தி பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்திதான். முதுகின் முன்பக்கம் கவட்டைக்குச்சி போல வெளிறிய கோடு இருக்கும். வலை கட்டாது, தண்ணீர் மட்டத்தில் ஓடித் துரத்தும். நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்துப்பூச்சிகள் வரை தின்னும். இரை குறைந்தால் தன்னைவிடச் சிறிய எதையும் விடாது, சொந்த இனக் குஞ்சு உட்பட. அப்போதுதான் தோலுரித்து உடம்பு மெத்தென்று இருப்பது முதலில் மாட்டும். ஆகவே சிலந்தியைச் சிலந்தி தின்பது பல சமயம் புகையான் இன்னும் பெருகவில்லை என்பதற்கு அடையாளம்.

வேலியில் கண்டது போர்சியா வகைக் குதிக்கும் சிலந்தியாக இருக்கலாம், அடையாளம் பொருந்துகிறது. சிலந்தி வேட்டையில் கைதேர்ந்தது. உடம்பெல்லாம் குச்சமும் மயிரும், நடை விட்டுவிட்டு, காற்றில் நகரும் குப்பை போல. வலையோரம் நின்று பூச்சி சிக்கித் துடிப்பது போல நூலைச் சுண்டும். ஒரு தாளத்துக்கு வலைக்காரி அசையாவிட்டால் வேறு தாளம் மாற்றும். எதற்கு அசைகிறாளோ அதையே திரும்பத் திரும்பப் போடும். காற்று வலையை ஆட்டும்போது அந்த ஆட்டத்தின் மறைவில் வேகமாக நெருங்கும். எச்சில் உமிழ்ந்து ஒட்டவைக்கும் சிலந்தியானால் முன்பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு பின்னால் வந்து பாயும். கெட்டிக்காரப் பிராணிதான், ஆனால் உங்கள் நெல் கணக்கில் அதற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. அது வாழ்வது தோப்பிலும் வேலியிலும். புகையான் இருப்பது தூரடியில்.

கணக்கு எடுக்க வேண்டியது அங்கேதான். காலையில் வயலின் குறுக்காக நடந்து, வரப்போரத்தை விட்டு, 20 குத்தை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) விரித்து, அடியில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று பாருங்கள். இலை நுனியில் வலை கட்டுவதையும், இலையோடு இலையாக நீட்டிப் படுத்திருக்கும் நீள்தாடைச் சிலந்தியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு (குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 வந்தாலே நடவடிக்கை. அதாவது குத்தில் 15 தூர் இருந்தால் முன்னதில் 30 பூச்சி, பின்னதில் 15.

பலர் கோட்டை விடுவது இலைச்சுருட்டுப் புழு மருந்தில். கடையில் கொடுத்தார்கள் என்று சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் கலந்து அடிப்பார்கள். சிலந்தி செத்துப்போகும், புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சுக்குப் பகையே இராது. பிறகு வயல் வட்டம் வட்டமாகக் கருகும். குயினால்பாஸும் இந்த வகையில் ஆகாது. யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

அளவு தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். உங்கள் ஆறு மாவுக்கு 240 கிராம். குஞ்சுகளே அதிகம் என்றால் பூப்ரோஃபெசின் 25 எஸ்.சி. ஏக்கருக்கு 320 மில்லி போதும். இது தோலுரிப்பைக் கெடுக்கும் மருந்து. வளர்ந்த பூச்சி உடனே சாகாது, குஞ்சு விழவும் சில நாள் ஆகும், மறுநாளே இன்னொரு மருந்து வாங்க ஓடாதீர்கள். எதை அடித்தாலும் கைத்தெளிப்பான் நுனியைத் தாழ்த்தித் தூரடி நனைய அடியுங்கள். இலைமேல் அடித்தது வீண்.

அடுத்த நடவில் 8 அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள். நட்ட வயலில் இப்போதைக்குப் பயிரைக் கையால் விலக்கிக் காற்று, வெயில் புக வழி செய்யலாம். வரப்பைச் சுத்தமாகச் செதுக்கிவிடாமல் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றி வைத்தால், அறுவடையில் வயலைவிட்டு ஏறும் ஓநாய்ச் சிலந்தி முட்டைப்பையை இழுத்துக்கொண்டு தங்க இடம் கிடைக்கும்.