மார்கழியில் ஐஸ்லாந்தைச் சுற்றலாமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஐஸ்லாந்து போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன். வாடகைக் கார் எடுத்து, நானே ஓட்டி, ஏழு நாளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றுவதாகத் திட்டம். ஒரே அளவு கார் ஒரு நிறுவனத்தில் பாதி விலை, இன்னொன்றில் இரண்டு மடங்கு. சி.டி.டபிள்யூ., ஜி.பி., எஸ்.ஏ.ஏ.பி. என்று என்னென்னவோ எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இந்தப் பழமொழியை வாடகைக் கார் எடுத்த எவரோதான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பாதி விலை போட்டிருக்கும் நிறுவனத்தின் விதிமுறைகளைக் கடைசிவரை படியுங்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகை என்று ஒரு வரி எங்காவது இருக்கும். வாடகை இறங்க இறங்க அந்தத் தொகை ஏறும். இரண்டு நிறுவனங்களிலும் அதை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு கூடுதல் கட்டணம் ஆகிறதோ, அதையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தக் கூட்டலில் கரைந்துவிடும்.

இனி அந்த எழுத்துகள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், வாடகையிலேயே சேர்ந்திருக்கும். சி.டி.டபிள்யூ. என்பது மோதலில் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்தில் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது. பங்கே இல்லாமல் ஆக்குவது அல்ல. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜி.பி. கல் தெறிப்பதற்கானது. எதிரே வரும் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தால் போதும், முன்கண்ணாடி விரிந்துவிடும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எஸ்.ஏ.ஏ.பி. மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும். வீக் என்ற ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மணல் வெளி. புயல் காற்றில் அந்த மணல் உப்புத்தாள் போல வண்டியின் வண்ணத்தைச் சுரண்டி எடுக்கும். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் வாங்குங்கள். தலைநகரைச் சுற்றியே இருப்பதாக இருந்தால் வேண்டாம். திருட்டுக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்தே வரும். தனிக் காசு கேட்டால் விட்டுவிடுங்கள்.

விசாவுக்காக நீங்கள் எடுக்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடு உங்கள் உடம்புக்கு. காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாவற்றையும் வாங்கினாலும் சேராத சில உண்டு: வண்டியின் அடிப்பகுதி, தண்ணீரில் இறக்கியதால் வரும் சேதம், காற்று பிய்க்கும் கதவு. மூன்றாவதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் வீக் ஊர் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். பின் இருக்கையில் இருந்த அக்கா மகன் கதவின் பிடியில் கை வைத்தான். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. கதவு முன்பக்கமாக முழுவதும் மடிந்து, கீல் நெளிந்துவிட்டது. அதன்பிறகு எவ்வளவு தள்ளியும் கடைசி ஒரு விரற்கடை மூடவில்லை. அந்த இடுக்கில் அக்காவின் கம்பளிச் சால்வையைத் திணித்துக்கொண்டு, ஊளையிடும் காற்றோடு ரெய்க்யாவிக் வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் திரும்பினோம். வண்டியை ஒப்படைத்த இடத்தில் இருந்த பெண் மரியாதையாக ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே இருந்த கையெழுத்து என்னுடையதுதான். இப்போது சில நிறுவனங்கள் காற்றுச் சேதத்தையும் சேர்த்து விற்கின்றன; கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றுக்கு எதிராக இருக்கட்டும். பின்கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டுவிட்டு, நீங்களே இறங்கி வந்து இரண்டு கையாலும் பிடித்துத் திறந்துவிடுங்கள்.

டயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆணி பதித்த டயருக்கு அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி உண்டு. குளிர்கால டயர் என்று மட்டும் எழுதியிருந்தால் ஆணி இல்லாததாகவும் இருக்கலாம். நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. குழந்தை இருக்கை 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டாயம். உங்கள் மகளையும் ஒருமுறை சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீவைச் சுற்றும் ஒன்றாம் எண் சாலை 1,322 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஏழால் வகுத்தால் நாளுக்கு 189. படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் டிசம்பர் 21ஐ ஒட்டி ரெய்க்யாவிக்கில் சூரியன் காலை 11.20 வாக்கில் எழுந்து பிற்பகல் 3.30க்கு மறைந்துவிடுகிறது. வடக்கே ஆகுரேரியில் பகல் இன்னும் குறைவு. தார்ச்சாலையில் உச்ச வேகம் 90. உறைபனியில் 60 போனாலே பெரிது. ஆக 189 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். இருக்கும் நான்கு மணி வெளிச்சத்தில் மூன்றைச் சாலையே தின்றுவிட்டால், பிள்ளைகள் அருவியைப் பார்ப்பது எப்போது? இதற்கு நடுவே ஒரு புயல் வந்து சாலையை மூடினால், முன்பணம் கட்டிய அடுத்தடுத்த விடுதிகள் எல்லாம் வரிசையாகச் சரியும்.

சுற்ற வேண்டாம். தெற்குக் கரையோரமாகப் பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை போய், அதே வழியில் திரும்புங்கள். தலைநகரிலிருந்து ஒரு வழி சுமார் 370 கிலோமீட்டர். ஒரு நாள் சாலை மூடினாலும் அடுத்த நாள் ஈடுகட்டலாம். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. எங்கோ ஓர் ஐரோப்பிய நகரில் மாறி, தூக்கம் கெட்டு, ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில் இறங்குவீர்கள். பழக்கமில்லாத வலது பக்கச் சாலையில் அன்றே ஓட்டாதீர்கள். முதல் இரவு தலைநகரில் தங்கிவிட்டு மறுநாள் காரை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம். தினமும் கிளம்புமுன் சாலைத் துறையின் 'உம்ஃபெர்தின்' இணையதளத்தைப் பாருங்கள், அல்லது அங்கிருந்தே 1777க்குப் பேசுங்கள். மூடிய சாலையில் நுழைந்து சிக்கினால் எந்தக் காப்பீடும் கைகொடுக்காது.

கேள்வி: என் தமிழ்நாட்டு லைசென்ஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டுமா? ஓர் இணையதளம் பத்தாண்டு செல்லுபடியாகும் அனுமதியை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறது.
— வாசகி, பெரம்பூர்

பதில்: எடுத்துக்கொண்டு போங்கள். கேட்காமல் விடும் நிறுவனங்கள் உண்டு. கேட்டுவிட்டால் அங்கே நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்? பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பித்து உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறலாம், அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். நம் நாட்டில் தரப்படும் அனுமதி ஓராண்டுதான் செல்லும். பத்தாண்டு என்று யார் சொன்னாலும் அவர் விற்பது அச்சடித்த அட்டை.

கேள்வி: தி.நகரில் உள்ள ஒரு பயண ஏஜென்ட் விமானம், விடுதி, கார் எல்லாம் சேர்த்து ஐஸ்லாந்து பேக்கேஜ் கொடுக்கிறார். "எல்லாம் அடங்கும் சார்" என்கிறார். டி.சி.எஸ். என்று தனியாகவும் ஒரு தொகை. நம்பலாமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: டி.சி.எஸ். ஏஜென்ட்டின் லாபம் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் உங்கள் பான் எண்ணில் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

"எல்லாம் அடங்கும்" என்பது வாய்ச்சொல். அவரிடம் இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள்: காரின் எந்தெந்தக் காப்பீடு அடங்கும், சேதம் வந்தால் உங்கள் பங்கு எவ்வளவு, புயலால் சாலை மூடி ஒரு விடுதிக்குப் போக முடியாவிட்டால் அந்த இரவின் பணம் யாருடையது, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும். விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, ஆறுக்குக் கீழே இலவசம். அதனால் மற்ற முன்பதிவுகளாவது ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். பதில் எழுத்தில் வராத ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எழுத்தில் வந்த பதிலுக்கு மாறாக நடந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஏஜென்ட் எங்கிருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல ஏஜென்ட்டுகள் அந்த அளவிலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஐஸ்லாந்திலிருந்து திரும்பி ஆறு வாரம் கழித்து, கார் நிறுவனம் என் கிரெடிட் கார்டில் மூன்று முறை பணம் எடுத்திருக்கிறது. ஒன்று கதவில் கீறலாம். மற்ற இரண்டும் 'நிர்வாகக் கட்டணம்' என்று வந்திருக்கின்றன.
— வாசகர், வேளச்சேரி

பதில்: மழை விட்டும் தூவானம் விடாத கதை. நிர்வாகக் கட்டணங்களுக்குக் காரணம் அநேகமாக நீங்கள்தான். ஆகுரேரிக்குப் பக்கத்தில் வாத்லஹெய்தி சுரங்கச் சாலை இருக்கிறது. நம் ஜி.எஸ்.டி. சாலை மாதிரி சுங்கச் சாவடியோ தடுப்போ கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும், நாமே இணையத்தில் பணம் கட்ட வேண்டும். அருவிகள் பலவற்றின் வாகன நிறுத்தங்களும் இப்படித்தான். கட்டாவிட்டால் ரசீது கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். விவரம் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கணக்குச் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கீறல் வேறு விஷயம். வண்டியை எடுத்தபோதும் கொடுத்தபோதும் எடுத்த படங்கள், ஒப்பந்தத்தில் குறித்த பழைய சேதங்கள் ஆகியவற்றோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பழுது பார்த்த ரசீதைக் கேளுங்கள். மழுப்பினால் உங்கள் வங்கியில் அந்தப் பற்றை எதிர்த்துத் தகராறு மனு கொடுங்கள். காலக்கெடு உண்டு, இந்த வாரமே செய்யுங்கள். இணையத்தில் நேரடியாக வாங்கியிருந்தால், வெளிநாட்டு நிறுவனத்தை இங்கே ஆணையத்துக்கு இழுப்பது ஏட்டுச் சுரைக்காய்தான். வங்கி வழிதான் நடைமுறையில் பலன் தரும்.

படமே இல்லை என்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. டிசம்பரில் அதிகாலை இருட்டில், பனி மூடிய வண்டியைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பனிக்கு அடியில் இருப்பது யாருக்குத் தெரியும்? அடுத்துப் போகிறவர்கள் தூரிகை கேட்டு வாங்கி, நான்கு கதவையும் முன்கண்ணாடியையும் துடைத்து, விளக்கடியில் வைத்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பத்து நிமிடம் விரல் விறைக்கும், பரவாயில்லை.

கேள்வி: அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயில் கட்டட்டுமா, குரோனாவில் கட்டட்டுமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: குரோனா. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் இயந்திரம் தீர்மானிக்கும். ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் கார்டின் பின் எண் வேண்டும். 'டேங்க் நிறைய' என்று அமுக்கினால் ஒரு பெரிய தொகையைச் சில நாள் பிடித்துவைத்திருக்கும். வேண்டிய தொகையை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குளிருக்கான உடைகளைச் சென்னையிலேயே வாங்கலாமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: உள்ளே போடும் தெர்மலும் நடுவே போடும் கம்பளியும் இங்கேயே வாங்கலாம், விலை குறைவு. மேலே போடுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. காற்றும் தண்ணீரும் உள்ளே புகாததாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சு அடைத்துப் பருமனாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஜீன்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள், நனைந்தால் காயாது. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை மட்டும் அங்கே போய் வாங்குங்கள். சென்னைக் கடைக்காரர் எதைக் காட்டினாலும் சரி, அவர் அதைப் பனிக்கட்டியில் போட்டுப் பார்த்ததில்லை.