கேளுங்கள், சொல்கிறேன்: தோழி வீடு, கொல்கத்தா, இரண்டரை நாள்

கேள்வி: கல்லூரித் தோழி வங்கியில் மாற்றலாகி கொல்கத்தா போய் மூன்று வருஷம் ஆகிறது. வீடு காளிகாட் பக்கம். ஜனவரியில் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கிளம்பி சனிக்கிழமை மதியம் போய்ச் சேருகிறோம், திங்கள் ராத்திரி ஹவுரா மெயிலில் திரும்புகிறோம். எனக்கு மியூசியம் என்றால் உயிர். எதைப் பார்க்க, எதை விட? (வாசகி, சிவகாசி)

பதில்: முதலில் கிழமையைக் கவனியுங்கள். திங்கட்கிழமை அங்கே மியூசியங்களுக்கு விடுமுறை. ஆக உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிறுதான். அதில் மூன்று மியூசியத்தைத் திணிக்கலாம் என்று தோன்றும், நானும் ஒருமுறை திணித்தேன். கடைசியில் ஞாபகம் இருந்தது கால்வலியும், நான்கு மணி வரை சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்த நண்பனின் முகமும்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தியன் மியூசியம் மட்டும் போதும். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்துவிடலாம். 1814-ல் தொடங்கியது, ஊர்க்காரர்கள் 'ஜாதுகர்' என்பார்கள், மாய வீடு என்று அர்த்தம். உள்ளே போன எல்லோரும் எகிப்து மம்மியைத் தேடி ஓடுவார்கள், ஓடட்டும், நீங்கள் பார்ஹுத் கூடத்துக்குப் போங்கள். மத்தியப் பிரதேசத்து பார்ஹுத்தில் இருந்த கி.மு. 2-ஆம் நூற்றாண்டு பௌத்த ஸ்தூபியின் செந்நிறக் கல்வேலி அங்கே இருக்கிறது. அதில் ஒரு வட்டச் சிற்பம்: அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஜேதவனத்தை விலைக்கு வாங்குகிறார், தோட்டத்துத் தரை முழுக்கக் காசு பரப்பினால் தருவேன் என்று ஜேத இளவரசன் சொல்லிவிட்டான். வண்டியை அவிழ்த்துவிட்டு மாடுகள் படுத்திருக்கின்றன, ஆட்கள் குனிந்து காசை அடுக்குகிறார்கள், காசெல்லாம் சதுரம், அக்காலத்து முத்திரைக் காசு அப்படித்தான். நடுவில் வணிகர் கையில் கெண்டியோடு நிற்கிறார், தாரை வார்த்துக் கொடுக்க. நாம் இன்று எதையாவது கோட்டைவிட்டால் 'தாரை வார்த்துவிட்டான்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் படம் போட்ட மாதிரி இருக்கும். இந்த ஒரு கல் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள்; மிச்சக் கூடங்களைப் பாதி பார்த்தாலும் குறையில்லை.

சனிக்கிழமை எங்கும் ஓட வேண்டாம். கோரமண்டல் இப்போது ஹவுரா போவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடும், அங்கிருந்து டாக்ஸிதான். குளித்து, சாப்பிட்டு, மூன்று வருஷக் கதையைப் பேசுங்கள். தெம்பிருந்தால் சாயங்காலம் விக்டோரியா நினைவகத்தை வெளியில் இருந்து பார்த்துவிட்டு வரலாம். 1921-ல் திறந்தது, மக்ரானா சலவைக்கல். உள்ளே இருப்பதைவிட வெளித்தோற்றம்தான் அழகு என்பது என் கட்சி, சண்டைக்கு வராதீர்கள்.

திங்கட்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளும் காபி ஹவுஸும். ஞாயிறு போனால் அங்கே பெரும்பாலும் ஷட்டர்தான் தெரியும். அந்தக் காபியை நம் டிகிரி காபியோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி ஹவுராவுக்குக் கடைசி நேரத்தில் கிளம்பாமல் கொஞ்சம் முன்னாலேயே மெட்ரோவில் போய்விடுங்கள், எஸ்பிளனேடில் மாற வேண்டும். 2024-ல் திறந்த பாதை, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் முக்கால் நிமிஷம் போகும்.

கேள்வி: கணவர் எதையும் சாப்பிடுவார். மாமியாரும் வருகிறார், சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். 'நிராமிஷ்' என்ற ஒரு சொல்லை அத்தையிடம் சொல்லிவையுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது, கோஸ் பொரியலிலும் பருப்பிலும் மீன் தலை போடுகிற ஊர் அது. நிராமிஷ் என்றால் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. காலையில் கச்சோரி, உருளைக்கிழங்குக் கறி. மதியம் தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, வாழைப்பூக் கறி, லேசாகக் கசக்கும் காய்கறிக் கலவை ஷுக்தோ, அப்புறம் போஸ்தோ. போஸ்தோ வேறொன்றுமில்லை, நாம் குருமாவில் ஒரு ஸ்பூன் அரைத்து விடுகிற கசகசாதான், அவர்கள் அதையே கறியாகச் செய்கிறார்கள். கடுகெண்ணெய் வாசனை முதல் வேளை அத்தைக்குக் குமட்டலாம், இரண்டாம் வேளை பழகிவிடும்.

கணவருக்கு பிரியாணி. தட்டில் ஒரு முழு உருளைக்கிழங்கு வரும், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1856-ல் நாட்டைப் பறிகொடுத்து கொல்கத்தாவின் மட்டியாபுருஜுக்கு வந்த அவத் (லக்னோ) நவாப் வாஜித் அலி ஷாவின் சமையல்காரர்கள் வழி வந்த பழக்கம் என்பார்கள். கறிக்குக் காசில்லாமல் போட்டதா, அன்று உருளை அபூர்வப் பண்டம் என்று போட்டதா என்று இன்னமும் வாதாடுகிறார்கள். சாப்பிட்டால், கறியைவிட அந்தக் கிழங்கில்தான் மசாலா இறங்கியிருக்கும்.

ஜனவரி என்பதால் உங்களுக்கு ஒரு யோகம்: நொலென் குட், அதாவது ஈச்ச மரத்தைச் சீவி எடுத்த நீரைக் காய்ச்சிய புது வெல்லம். குளிர்காலத்தில்தான் கிடைக்கும். அதில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு லேசான புகை வாசனையோடு இருக்கும். ரசகுல்லாவை டப்பாவில் ஊரிலேயே வாங்கலாம், இதை விடாதீர்கள்.

கேள்வி: தோழிக்கு என்ன வாங்கிப் போவது? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா யோசித்திருக்கிறேன்.

பதில்: ஒரு நாளுக்கு மேல் ரயிலில் பால்கோவாவா, அதுவும் தெருவுக்குத் தெரு மிட்டாய்க் கடை இருக்கிற ஊருக்கா? அப்பளம், வத்தல், காபித்தூளும் வேண்டாம், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன, நம் சாமான் எல்லாம் கிடைக்கும். சாத்தூர் காராச்சேவு எடுத்துப் போங்கள். இனிப்பிலேயே புழங்குகிறவளுக்கு நாக்கு அதற்குத்தான் ஏங்கும். இரண்டு கிலோவாக வாங்குங்கள், விஜயவாடா தாண்டுவதற்குள் ஒரு கிலோ காலியாகிவிடும்.