முதலில் பின்னச்சு, கடைசியில்தான் எஞ்சின்

அன்புள்ள ஐயா,

உங்கள் சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இந்தக் கடிதம். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. இங்கே ஒருவர் 1978-ம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 விற்கிறார். சிவப்பு நிறம், கூரையை மடக்கிக்கொள்ளும் இரண்டு பேர் கார். பார்த்ததும் மனம் போய்விட்டது. வார நாட்களில் வேலைக்கு ஓட்ட வேண்டும், அவ்வப்போது பக்கத்திலுள்ள மேலரி பார்க் பந்தயத் தடத்தில் டிராக் டேக்கும் (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு நவீன ஃபோர்டு எஞ்சின் வை என்கிறார்கள் நண்பர்கள். ஒருவர் அதே டிரையம்ஃபின் ஜி.டி.6 காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் சரி என்கிறார். வண்டியைத் தாழ்த்தி அகலச் சக்கரமும் போட வேண்டுமாம். எந்த எஞ்சின் நல்லது? ஊரிலிருந்து அப்பா, "டப்பா காருக்கு இவ்வளவு பணமா" என்கிறார். என் ஆசை அபத்தமா?

ர., லெஸ்டர்

அன்புள்ள ர.,

ஆசையில் அபத்தம் எதுவும் இல்லை. பணம் உங்கள் சம்பாத்தியம், அப்பாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றியும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காரை வாங்குவதற்கு முன்பே எந்த எஞ்சினைக் கழற்றி எதை வைக்கலாம் என்று கேட்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை.

சென்ற மாதம் இங்கே ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஹெரால்டு நின்றது, புதுப் பெயிண்டில் பளபளவென்று. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஸ்பிட்ஃபயரிலும் அப்படித்தான். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். திறந்து காட்டினார் அதன் சொந்தக்காரப் பையன். உள்ளே மாருதி எஞ்சின். பிரேக் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய டிரம் பிரேக்தான். பின்னச்சு, அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு? "அதை ஏன் சார் தொடணும், அது நல்லாத்தானே இருக்கு" என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை, கண்ணில் அவ்வளவு பெருமை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம். அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து உங்களுக்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கப்போகும் காரும் சித்தப்பாவின் ஹெரால்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1953-ல், கோவெண்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு உடல்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே துண்டாகச் செய்து தர ஆளில்லை. சரி, அடியில் தனி சட்டகம், மேலே துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் இணைக்கும் உடல் என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1959-ன் ஹெரால்டு. வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவதற்கு வசதியாகப் போய்விட்டது. 1961-லிருந்து நம் சென்னையில் ஹெரால்டு தயாரானது. அதே சட்டகத்தைச் சுருக்கி, அதே இத்தாலியக்காரர் மிகெலோட்டி வரைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயர். அதன் முதல் மாதிரி, பணமில்லாத காரணத்தால் ஆலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. லேலண்ட் கம்பெனி ஆலையை வாங்கிய பிறகு துணியை விலக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். 1962-லிருந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாராகின.

சொத்தோடு குறையும் வந்து சேர்ந்தது. அதுதான் பின்னச்சு.

ஸ்விங் ஆக்சில் என்பார்கள். எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பெட்டி சட்டகத்தோடு இறுகி நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மட்டும்தான் மூட்டு, வெளிமுனையில் சக்கரம் அசையாமல் பூட்டியிருக்கும். தண்டு ஏறினாலும் இறங்கினாலும் சக்கரமும் கூடவே சாயும். இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சென்னையில் ஹெரால்டு பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பின்சீட்டில் மாமியார், நாத்தனார், குழந்தைகள் என்று ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும் கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிடும். டயரின் உள்விளிம்பு மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருக்கும்.

ஆனால் ஆபத்து அகட்டுவதில் இல்லை, மடங்குவதில். அதை எனக்குக் காட்டியவர் ராயப்பேட்டையில் ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக். சித்தப்பா வண்டியை பிரேக் வேலைக்கு விட்டிருந்தார். நான் பள்ளிக்கூடப் பையன், வேடிக்கை பார்க்கப் போனேன். பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டு எழும்ப எழும்ப, டயரின் அடிப்பாகம் உள்ளே உள்ளே போனது. இரண்டு பக்கமும் காருக்கு அடியில் மடிந்துகொண்டது. என் கையைப் பிடித்து அந்த டயரின் வெளி ஓரத்தில் வைத்தார். கிரீஸ் கை, என் கை முழுக்க ஒட்டியது. "பாத்தியா, இந்த ஓரம் மட்டும்தான் ரோட்டைத் தொடும் அப்ப" என்றார். அப்புறம் சித்தப்பாவிடம் திரும்பி, "வளைவுல திடீர்னு ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்காதீங்க சார். எடுத்தா வால் தூக்கும், தூக்கினா மடக்கும், மடக்கினா வண்டி உங்க பேச்சைக் கேக்காது" என்றார். எஞ்சினியரிங் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் மூன்று வாக்கியத்தில் சொன்னார். படித்தவர் இல்லை. காரைத் தொட்டுத் தொட்டே அறிந்தவர்.

இப்போது உங்கள் மேலரி பார்க்குக்கு வாருங்கள். அங்கே ஜெரார்ட்ஸ் என்று நீண்ட, முடிவே இல்லாததுபோல் போகும் வலது வளைவு இருக்கிறது. ஸ்விங் ஆக்சில் காருக்கு அதைவிடக் கடினமான பரீட்சை இருக்க முடியாது. எஞ்சின் மாற்றிய காரில் பாதி வளைவுக்குள் எதிர்பார்த்ததைவிட வேகமாக நுழைந்துவிடுவீர்கள். பயம் வரும். பயந்தால் மனிதர் என்ன செய்வார்? காலைத்தான் எடுப்பார். ராயப்பேட்டைக்காரர் சொன்னது அத்தனையும் அந்த ஒரு நொடியில் நடக்கும். உங்கள் நண்பர்கள் எவராவது இதைச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். குதிரைசக்தி பேச எல்லோருக்கும் பிடிக்கும், அச்சைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

நல்லவேளை, நீங்கள் பார்த்திருப்பது 1978 வண்டி. 1970-ல் வந்த நான்காம் வடிவத்திலிருந்து ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி, மற்றவற்றை ஆடவிட்டார்கள். அதனால் வளைவில் பின்பக்கம் அவ்வளவு விறைப்பாக நிற்காது, மடங்குவதும் வெகுவாகக் குறையும். பழைய கார்களில் யார் யாரோ கைவைத்திருப்பார்கள், இந்த ஸ்பிரிங்தான் இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். பழசாகித் தளர்ந்திருந்தால் முதல் செலவு அதற்குத்தான். தாழ்த்துவது என்றால் அழகுக்காகத் தாழ்த்தாதீர்கள். பின்சக்கரங்களின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கும் அளவுக்குத் தாழ்த்தினால் அது மடங்குவதற்கு எதிரான காப்பு. அதற்கும் மேல் போனால் லெஸ்டர் குண்டுகுழிகளில் முதுகு போய்விடும்.

இந்தக் குறையை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகத் தீர்த்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆறு சிலிண்டர் ஜி.டி.6 1966-ல் வந்தபோது, அதன் வேகத்துக்கு இந்த அச்சு தாங்காது என்று பத்திரிகைக்காரர்கள் கிழித்தார்கள். 1968-ல் கோவெண்ட்ரிக்காரர்கள் கீழே விஷ்போன் என்ற கவை வடிவக் கையும் ரப்பர் மூட்டும் வைத்துச் சரிசெய்தார்கள். சென்னையிலோ, மெக்கானிக்குகளுக்கு இந்த அச்சைப் பிடிக்கவே இல்லை. 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸலில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாரிக்கு வைப்பதுபோல் ஒரே முழு அச்சை வைத்துவிட்டார்கள். ஓட்ட சுகம் குறைந்தது. ஆனால் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு மழைக்காலத்தில் போகும் குடும்பத்துக்கு அதுதான் சரி. எந்தக் கார், யார் ஓட்டுவது, எந்த ரோட்டில் என்று பார்த்துச் செய்த வேலை அது. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை வைக்கச் சொல்லும் நண்பரிடம், அந்த எஞ்சினுக்காக அவர்கள் பின்னச்சையே மாற்ற வேண்டி வந்தது தெரியுமா என்று கேளுங்கள். மூக்கில் கூடும் கனத்தைப் பற்றியும் கேளுங்கள்.

சக்தி போதாது என்று நினைக்காதீர்கள். உங்கள் 1493 சி.சி. எஞ்சின் 71 குதிரைசக்தி, வண்டி எண்ணூறு கிலோகூட வராது. 1965-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் 13-வதாக வந்து தன் பிரிவை வென்றது. எஞ்சின் 1147 சி.சி. பந்தயத்துக்காகத் தயாரித்ததுதான், இருந்தாலும் அவ்வளவு சிறியது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. ஒரு காந்தம் எடுத்துப் போய், கதவுக்குக் கீழே நீளவாட்டில் போகும் சில் பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே துரு, மேலே பட்டி. மற்ற தனிச் சட்டகக் கார்களில் இது வெறும் தகரம், ஸ்பிட்ஃபயரில் சுருக்கிய சட்டகத்துக்கு அதுதான் பலம். கதவுக்கும் பின்மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொங்கிவிட்டது, திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து, எஞ்சின் நிற்கும்போது பானெட்டைத் திறந்து, ஒருவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் எஞ்சினின் கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடித்துவைக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்திருக்கலாம். அப்புறம் டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ஓடாமல் நின்ற கார்களில் பட்டன் புதுசுபோல இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். அப்படிப்பட்ட டயரில் தடத்துக்குப் போகிறேன் என்றால் கடிதமே எழுதாதீர்கள்.

முன்சக்கரம் திரும்பும் இடத்தில் கீழே டிரன்னியன் என்று பித்தளையில் ஒரு மரை இருக்கிறது. அதற்குக் கிரீஸ் போதாது, ஈ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும். காய்ந்துபோனால் உள்ளே அரித்து, ஒருநாள் முறிந்து, சக்கரம் படுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதற்கு நூறு மில்லி எண்ணெய் விட மறக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். நாற்பது வருடம் தாண்டிய காருக்கு சாலை வரி இல்லை, எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் கடைசி முப்பது வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தச் சோதனை விலக்கு போய்விடும். வேறு எஞ்சின், அதிலும் சிலிண்டர் எண்ணிக்கையே வேறு என்றால் கேள்வி வரும். கட்டாயமில்லாவிட்டாலும் வருடாவருடம் சோதனைக்குக் கொண்டுபோங்கள், இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. எந்த மாற்றம் செய்தாலும் இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.

முதல் வருடம் எஞ்சினை விடுங்கள் தம்பி. நல்ல டயர், புது பிரேக் ஹோஸ், புது பிரேக் ஆயில், முன் டிஸ்க்குக்கு நல்ல பேட், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க மேலே ரோல் பார் என்ற இரும்பு வளைவு, உடலைப் பிடித்துவைக்கும் சீட். இவ்வளவும் போட்டு, மழையிலும் வெயிலிலும் வேலைக்கு ஓட்டுங்கள். தடத்துக்குப் போனால் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெரார்ட்ஸில் ஒரே சீராகக் கால் வைத்துப் போகப் பழகுங்கள். அடுத்த வருடமும் சக்தி போதாது என்று தோன்றினால் எழுதுங்கள், அப்போது எஞ்சின் பேசலாம்.

பின்னச்சைப் பார்க்கக் காரைத் தூக்கும்போது வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். சட்டகத்துக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள், முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு படுங்கள்.

அன்புடன்.