மெக்சிகோவில் பதவி, மச்சரவியாயாவில் கோயில்

கேள்வி: அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பெயினின் அதிகாரிகளாக இருந்தவர்கள், தாங்கள் பிறந்த ஊரின் பங்குக் கோயில்களுக்குப் படங்களையும் வெள்ளிப் பொருள்களையும் வாரி வழங்கினார்கள் என்று படித்தேன். இதற்குக் காரணம் பக்தியா, பெருமையா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும். கோயிலின் ஒரு பக்கச் சிற்றாலயத்தைக் கட்டும் செலவை ஏற்றவர், அதற்கு ஈடாக அங்கேயே அடக்கம் செய்யப்படும் உரிமையையும், சுவரில் குடும்பச் சின்னத்தைப் பொறிக்கும் உரிமையையும், தம் ஆன்மாவுக்காகத் தொடர்ந்து நிறைவேற்றப்பட வேண்டிய பூசைகளையும் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். மெக்சிகோவில் வரையப்பட்ட குவாதலூப்பே மாதா படங்களும் வெள்ளி விளக்குகளும் மட்டுமல்ல, மணிலாவில் சீனச் சிற்பிகள் தந்தத்தில் செதுக்கிய சுரூபங்களும் பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகம் வழியாக ஸ்பெயினின் ஊர்க் கோயில்களை அடைந்தன.

தந்தவர் ஒரு பொருளோடு நிற்காமல் ஊரையே மாற்றியதற்கு, மாலகா மாகாணத்து மலைச்சரிவிலுள்ள மச்சரவியாயா என்ற சிற்றூர் சான்று. 1720-இல் அங்கே பிறந்த ஹோசே தே கால்வேஸ், 1765 முதல் 1771 வரை மெக்சிகோவில் மன்னரின் விசாரணை அதிகாரியாக இருந்து, 1776-இல் குடியேற்ற நாடுகள் அனைத்துக்கும் பொறுப்பான அமைச்சரானார். அவருடைய அண்ணன் மத்தியாசும், மத்தியாசின் மகன் பெர்நார்தோவும் அடுத்தடுத்து மெக்சிகோவின் வைஸ்ராய்கள் ஆனார்கள். உறவுக்குப் பதவி தருவதில் ஹோசே கூச்சம் காட்டியவர் அல்லர். ஊரின் பழைய சான் ஹசிந்தோ கோயில் 1780-களில் இக்குடும்பத்தின் செலவில் பெரிதாக எடுத்துக் கட்டப்பட்டது. அதன் அடியில் குடும்பத்தாருக்கெனக் கல்லறை மண்டபம் ஒன்று அமைந்து, அவர்களின் மார்பளவுச் சிலைகள் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் வடிக்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டன. ஆனால் பதவியிலேயே இறந்த வைஸ்ராய்கள் இருவரும் மெக்சிகோ நகரத்துச் சான் பெர்நாந்தோ கோயிலில்தான் புதைக்கப்பட்டார்கள்.

கொடையாளியின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 1767-இல் இயேசு சபையினரை மன்னர் வெளியேற்றியபோது மெக்சிகோவின் சுரங்க ஊர்களில் எழுந்த கலகங்களை அடக்கிய ஹோசே, 80-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிடச் செய்தார். பிறந்த ஊரிலோ அவர் பள்ளிகளுக்கு வழிசெய்த புரவலர்.

என் பார்வையில், அவ்வூருக்குக் கிடைத்த கொடைகளில் கோயிலைவிடக் கவனிக்கத்தக்கது 1776-இல் அங்கே தொடங்கிய அரச சீட்டுக்கட்டுத் தொழிற்சாலைதான். மெக்சிகோவில் சீட்டுக்கட்டு விற்பனை அரசின் தனியுரிமை. அமெரிக்க நாடுகளுக்குத் தேவையான கட்டுகளை அச்சிடும் உரிமையை அமைச்சரின் ஊர் பெற்றது. கோயிலுக்குக் குடும்பப் பணம் போயிற்றென்றால், தொழிற்சாலைக்கு அரசாணையே போதுமானதாக இருந்தது. மெக்சிகோவின் சூதாட்ட மேசைகளில் செலவான காசில் ஒரு பங்கு இவ்வழியே மச்சரவியாயாவின் வீடுகளுக்குக் கூலியாகப் போய்ச் சேர்ந்தது.