வாலில்லாத காமெட்: உங்கள் மாடல் ஏன் மூக்கைக் குத்துகிறது?

கேள்வி: காமெட் ஜெட் பயணிகள் விமானத்தைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனி டி ஹேவிலண்ட். அதற்காக முதலில் வரைந்து, வரைபடத்தோடு நிறுத்திய வாலில்லா ஜெட் பயணிகள் விமானத்தைப் பால்சா கட்டையில் கிளைடராகச் செய்திருக்கிறேன். இறக்கையின் மொத்த நீளம் 60 செ.மீ. அகலம் உடலருகே 15, நுனியில் 7.5 செ.மீ. முன்விளிம்பு 40 டிகிரி பின்சாய்வு. மற்ற கிளைடர்களைப் போல, இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. பின்னால் தள்ளி பேலன்ஸ் (விமானம் சமமாக நிற்கும் புள்ளி) வைத்தேன். எறிந்ததும் மூக்கைக் குத்தி விழுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் மூக்கில் ஒட்டிய களிமண்ணைக் குறையுங்கள். நேர் இறக்கைக்குச் சரியான அந்த 5 செ.மீ. கணக்கு பின்சாய்ந்த இறக்கைக்கு ஒத்துவராது. உங்கள் இறக்கையின் சராசரி அகலம் (வெறும் பாதிக் கணக்கு அல்ல, பரப்பையும் சேர்த்துப் பார்க்கும் காற்றியல் சராசரி) 11.7 செ.மீ. அந்த அகலம் நடுக்கோட்டிலிருந்து 13.3 செ.மீ. தள்ளி இருக்கிறது. 40 டிகிரி சாய்வில் அந்த இடத்து முன்விளிம்பே 11.2 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. அதிலிருந்து சராசரி அகலத்தில் கால் பங்கு தள்ளி, கிட்டத்தட்ட 14 செ.மீ.யில்தான் தூக்குவிசை வேலை செய்யும். பேலன்ஸ் அதற்குச் சற்று முன்னால் இருந்தால் போதும். 12.5 செ.மீ.யில் தொடங்குங்கள்.

அடுத்தது இறக்கை முறுக்கு. நுனிகளின் முன்விளிம்பு 4 டிகிரி கீழ்நோக்கி இருக்கும்படி ஆவியில் காட்டி வளையுங்கள். பின்விளிம்பின் வெளிப்பகுதியையும் 2 மி.மீ. மேலே தூக்கிவிடுங்கள். நுனிகள் பேலன்ஸ் புள்ளிக்குப் பின்னால் இருப்பதால், வால் செய்ய வேண்டிய வேலையை அவைதான் செய்கின்றன.

நீங்கள் படும் இந்தப் பாடு அந்த வடிவத்தோடு கூடப்பிறந்தது. போருக்குப் பிந்தைய பயணிகள் விமானங்களைத் திட்டமிட்ட பிரிட்டனின் பிரபசான் கமிட்டி கேட்ட ஜெட் விமானத்துக்காக, டி ஹேவிலண்டின் வடிவமைப்பாளர் ரொனால்ட் பிஷப்பின் குழு டி.எச்.106 என்ற எண்ணில் பல வடிவங்களை வரைந்தது. 24 பேர் அமரும் வாலில்லா வடிவம் அவற்றில் ஒன்று. அன்றைய ஜெட் எஞ்சின்களுக்கு விசை குறைவு, எரிபொருள் பசியோ அதிகம். வாலை எடுத்துவிட்டால் எடையும் காற்றுத்தடையும் குறையும் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் இறங்கும்போது ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) விரித்தால் மூக்கு கீழே போகும், அதைப் பிடித்து நிறுத்தப் பின்னால் எதுவும் கிடையாது. பேலன்ஸ் நகர்வதற்கான இடமும் மிகக் குறுகியது. பயணிகளும் சரக்கும் ஏறி இறங்கும் விமானத்துக்கு இது பெரிய தலைவலி.

சோதித்துப் பார்க்க வாம்பயர் போர் விமானத்தின் உடலில் பின்சாய்ந்த இறக்கை பொருத்தி டி.எச்.108 செய்தார்கள். முதலாவது 1946 மே 15-ல் பறந்தது. செப்டம்பர் 27-ல் இரண்டாவது விமானம் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு மேலே அதிவேகத்தில் உடைந்தது. ஓட்டியவர் நிறுவனரின் மகன் ஜெஃப்ரி டி ஹேவிலண்ட் ஜூனியர், அவர் பிழைக்கவில்லை. கட்டிய மூன்று டி.எச்.108-களுமே கடைசியில் விபத்தில் விமானிகளோடு போயின. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

வாலில்லா வடிவத்தைக் கைவிட அந்த விபத்துதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விமானத்தை வாங்கவிருந்த பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து நிறுவனம் பி.ஓ.ஏ.சி. 36 இருக்கை கேட்டது. புது வடிவத்தைத் தேற்றி எடுக்க நேரம் இல்லை. அதனால் பிஷப் 20 டிகிரி பின்சாய்வும் வழக்கமான வாலும் கொண்ட வடிவத்துக்குப் போனார். 1949 ஜூலை 27-ல் காமெட்டாகப் பறந்தது அதுதான்.

சரி, உங்கள் மாடலுக்கு வருவோம். புல் தரையில், தோள் உயரத்திலிருந்து மெதுவாக, கிடையாகத் தள்ளுங்கள். மூக்கு ஏறி, நின்று, சரிந்தால் மூக்கில் துளி களிமண் சேருங்கள். இன்னமும் குத்தினால் பேலன்ஸை ஒவ்வொரு தடவையும் 2 மி.மீ. மட்டும் பின்னால் நகர்த்துங்கள். ஆனால் 13.5 செ.மீ.யைத் தாண்டாதீர்கள், அதற்குமேல் போனால் கரணம் போடும். அந்த எல்லைக்கு வந்தும் குத்தினால், நுனிப் பின்விளிம்பை இன்னும் 1 மி.மீ. தூக்குங்கள்.